ஐஸ்பழத் தொட்டியில் உடைந்த போத்தல்

தண்ணீர் இரும்பை உடைக்குமா? எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பது என் வழக்கம். பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் புத்தகத்தில் படித்ததை ஒப்புவிப்பார்கள். நம்பியவர்களை நான் பார்த்ததில்லை. நானே ஒரு காலத்தில் நம்பவில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்த எஞ்சினுக்குக் காய்ச்சல்தான் வரும், குளிரா வரும்?

எங்களிடம் தொழில் பழகிய உங்களில் சிலர் இன்றைக்கு வடதுருவப் பக்கம் போகிற கப்பல்களில் வேலை செய்கிறீர்கள். அங்கே எஞ்சினைக் குளிர் தாக்காமல் பாதுகாத்து வைக்கும் முறைகளை என்னைவிட நன்றாக அறிவீர்கள். எந்தக் குழாயை எப்போது திறப்பது என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒரு நண்பகலைப் பற்றி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன், வேலை கொட்டாஞ்சேனையில். படகு எஞ்சின் பட்டறை. எங்களில் மூன்று பேருக்குத் துறைமுகத்துக்குள் போக அனுமதி அட்டை இருந்தது: எனக்கு, எங்கள் வெல்டருக்கு, இன்னொரு ஃபிட்டருக்கு. மூன்று பேரும் யாழ்ப்பாணத்தார். அந்த நாளில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு துறைமுக வாசலைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் முதலாளி மூன்று பேருக்கும் தன் கையெழுத்தைப் போட்டுப் பிணை நின்றிருந்தார். எங்களில் ஒருவர் மேல் ஒரு சந்தேகம் வந்தால் முதலில் அவருடைய கதவைத்தான் தட்டுவார்கள்.

அப்போது ஒரு வெளிநாட்டுக்காரரின் பாய்மரப் படகு துறைமுகத்தில் நின்றது. உலகம் சுற்ற வந்தவர், இங்குள்ள நிலைமையைப் பார்த்துவிட்டு விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். படகைச் சரக்குக் கப்பல் ஒன்றின் மேல்தட்டில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு. கப்பல் வடக்கே போய்ச் சேரும்போது நடுக் குளிர்காலம். அதனால் எஞ்சினுக்குள் இருக்கும் கடல் தண்ணீரை முழுக்க வடித்து, நல்ல தண்ணீர் ஓடும் பக்கத்தில் உறையாத திரவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் ஒரு கலன் நிறையப் பச்சைத் திரவமும், எப்படிக் கலப்பது என்று ஒரு தாளும் விட்டுப் போயிருந்தார். பாதிக்குப் பாதி கலக்கவும் என்று தாளில் இருந்தது.

தாளை நான் படித்தேன். படிக்காமல் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். படித்துவிட்டு, வெள்ளைக்காரர் எதையும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று முடிவு கட்டினேன். இங்கே நாங்கள் அந்தப் பச்சையை எப்படிப் பாவிப்போம் தெரியுமா? லொறிக்காரர் வருவார், றேடியேற்றரில் கொஞ்சம் ஊற்றுவோம், தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. கண்தான் அளவு. துருப்பிடிக்காமல் இருக்க அது போதும். உறைவது என்ற ஒன்று எங்கள் கணக்கிலேயே இல்லை. அன்றும் அப்படித்தான் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் விட்டுக் கலக்கினேன். அழகான இளம்பச்சை. மனம் நிறைந்து போய் எஞ்சினுக்குள் ஊற்றினேன். கலனில் முக்கால்வாசி மிச்சம்! யுத்த காலத்தில் கிடைக்காத சாமானை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். வாளியில் மிஞ்சிய கலவையைக்கூட வீணாக்கவில்லை. முதலாளியின் வான் வண்டிக்கு ஆகும் என்று ஒரு பழைய சோடாப் போத்தலில் நிரப்பி, தக்கையால் அடைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை. பட்டறைக்கு அடுத்த கதவு ஒரு ஐஸ்பழக் கடை, குச்சி ஐஸ் செய்து விற்கிற இடம். அதை நடத்தியவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்தான், ஆனாலும் தெரு முழுக்க அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடும். கைத்தொழில்காரரைக் கொழும்பில் பாஸ் என்பார்களே, அப்படி அவருக்கு நான் பாஸ். தேத்தண்ணீர் குடிக்க வந்தவர் மேசையில் இருந்த போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன பாஸ், ஐஸ்பழம் போடவா கொண்டாந்தீங்க?"

"அதைக் குடிச்சிடாதைங்கோ நானா, நஞ்சு. குளிர்நாட்டில எஞ்சின் உறையாமல் இருக்க விடுறது."

அவர் போத்தலை ஒருமுறை குலுக்கினார். முகத்தில் ஒரு நக்கல்.

"இது எறுகிக் கல்லாகாதா? இப்பிடித் தண்ணியா ஈக்கி. பாகு கட்டியா ஈந்தாத்தான் பாஸ் எறுகாது. சீனியக் கூட்டினா ஐஸ்பழம் குச்சியில நிக்காது, கொழகொழண்டு பெய்த்துடும். சீனியக் கொறச்சா கல்லுதான்."

"விசர்க் கதை கதைக்காதைங்கோ. இது சீனியே? வெளிநாட்டுச் சாமான்."

"எந்த நாட்டுச் சாமானா ஈந்தாலும் அளவு ஒண்டு ஈக்குமே. நம்மட தொட்டியில போட்டுப் பாப்பமா?"

போட்டுப் பாரும் என்றேன், வீறாப்பாக. ஐஸ்பழ அச்சுகளை உறைய வைக்கிற அவருடைய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் போத்தல் கழுத்துவரை இறங்கியது. நான் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன், அதை மறந்தும் போனேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். "பாஸ்! பாஸ்!" என்று சத்தம். ஓடினேன். நானாவின் கையில் ஒரு அலுமினியத் தட்டு. தட்டில் சோடாப் போத்தல் மூன்று துண்டாகக் கிடந்தது. கண்ணாடிக்கு நடுவே, போத்தலின் உருவம் மாறாமல், கழுத்தும் வயிறுமாக ஒரு பச்சைக் கட்டி.

நான் அதைத் தொட்டேன். கல். விரலால் தட்டினேன், நங்கென்றது.

அந்த நேரம் என் தலைக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது! அந்தக் கட்டி படகுக்குள் இருப்பது தெரிந்தது. எஞ்சினின் இரும்பு உடல் மேலிருந்து கீழே பிளப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு வடக்கே ஒரு மனிதர் அதைத் திறந்து பார்ப்பதும், கடைசியாக இதில் கை வைத்தவன் யார் என்று கேட்பதும், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு தமிழ் மெக்கானிக் என்று பதில் போவதும் தெரிந்தது. பிற்பகல் நாலு மணிக்குப் பாரந்தூக்கி படகைக் கப்பலில் ஏற்றிவிடும்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட்டை இருந்தாலும் வேலை நாளில மட்டும்தானே உள்ள விடுவாங்கள், இண்டைக்கு உமக்கு அனுமதி இல்லையே. நேற்றோட அந்த வேலை முடிஞ்சுது எண்டு எழுதிக் குடுத்தாச்சு."

"வாசலில போய்ச் சொல்லுறன். நான் பிழை விட்டனான், திருத்த விடுங்கோ எண்டு."

"நீர் அங்க போய்ப் பிழை எண்டு சொன்னா அவங்கள் அதைப் பிழை எண்டு எடுக்கமாட்டாங்கள், தெரியுந்தானே?" அவர் கதவை ஒருமுறை பார்த்தார். "கப்பல் போகட்டும். அந்தாளுக்கு அங்க ஒரு செய்தி அனுப்பலாம்."

அது ஒன்றும் மடத்தனமான யோசனை இல்லை. பயந்த மனிதர் சொல்லக்கூடிய மிக நல்ல யோசனை. ஆனால் படகு திறந்த தட்டில் போகிறது. செய்தி போய் அவர் துறைமுகத்துக்கு வந்து சேருமுன்னே, வழிக்குளிரிலேயே காரியம் முடிந்துவிடும். அதைச் சொன்னேன். முதலாளியின் கை தொலைபேசிக்குப் போய் நின்றது. கையெழுத்துப் போட்ட கை அவருடையது, என்னுடையது அல்ல, அதை நீங்கள் மறக்கக்கூடாது. பிறகு எழுந்து, தொலைபேசியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "போம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வாசலில் வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கட்டியைக் காட்ட வேண்டும். நானா மரத்தூளும் சாக்கும் எடுத்து வந்தார், சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று. நான் வேண்டாம் என்றேன். யோசித்துப் பாருங்கள்: சாக்கில் சுற்றிய ஒரு பொதியோடு, நான், துறைமுகப் பக்கம்! ஒளிவு மறைவில்லாமல் தெரிய வேண்டும். தெளிந்த பொலித்தீன் பையில் கட்டியையும் போத்தலின் கழுத்துத் துண்டையும் போட்டுக் கையில் தூக்கிப் பிடித்தேன். கலனையும் ஸ்பானர் சாவிகளையும் ஒரு திறந்த வாளியில் வைத்தேன். கரையும், பரவாயில்லை, ஓட்டோவில் கால் மணிப் பயணம்தானே என்று நினைத்தேன். நானா கடையைப் போட்டது போட்டபடி என்னோடு ஏறிக்கொண்டார்.

முதல் சந்தியிலேயே வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. வெயில் என்றால் வெயில். பை சொட்டத் தொடங்கியது. கட்டியின் கழுத்து மெலிந்தது. நான் அதை மடியில் வைக்காமல் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஓட்டோக்காரரை விரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சோதனைச் சாவடி. இளம் இராணுவச் சிப்பாய் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார். கடைக்காரர் அல்லவா, சிரித்த முகம். "அயிஸ் பலம், மல்லி."

ஐஸ்பழம், தம்பி. நல்லதுக்குத்தான் சொன்னார். ஐஸ்பழம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று. சிப்பாய்க்கோ காலையிலிருந்து வெயிலில் நின்ற தாகம். பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை முறித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்தத் திரவம் இனிக்கும். இனித்துக்கொண்டே ஆளைக் கொல்லும். அந்தக் கணத்தில் எனக்கு இருந்தது இரண்டே வழி. பேசாமல் இருக்கலாம், ஒரு சின்னத் துண்டுதானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம். அல்லது, ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாயைப் பார்த்து நஞ்சு என்று கத்தலாம்.

"வச! மஹத்தயா, வச! வாயில வைக்காதைங்கோ!" என்று கத்தி அவருடைய கையைத் தட்டிவிட்டேன். மஹத்தயா என்றால் ஐயா; மிச்சத்தில் அவருக்கு விளங்கியது 'வச' மட்டும்தான். நஞ்சு.

துண்டு தெருவில் விழுந்தது. சிப்பாயின் துவக்கு முனை என் நெஞ்சுக்கு வந்தது. ஒரு நொடியில் நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஓட்டோக்காரர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். நானா கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. "படகு", "எஞ்சின்", "என் பிழை" என்ற மூன்று சொற்களைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாசல் அதிகாரியிடம் போகிறேன் என்றேன். அப்படியா, அங்கேயே போவோம் என்று அவர்கள் என்னையும் நானாவையும் வாளியோடும் பையோடும் தங்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் போக நினைத்த இடத்துக்கே துவக்குக் காவலோடு, ஒரு சந்தியிலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தேன்!

வாசல் பாதுகாப்பு அதிகாரி நடுவயதுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். என்னை முகத்தால் தெரியும், பேச்சு வைத்துக்கொண்டதில்லை. சிப்பாய் நஞ்சுக் கதையைச் சொல்லி முடித்ததும் பையை மேசையில் வைக்கச் சொன்னார். உள்ளே ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, அந்த அளவு கட்டிதான் மிச்சம். மீதி எல்லாம் பச்சைத் தண்ணீர்.

நான் முதலிலிருந்து சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. தாளைப் படித்ததையும், படித்தபடி செய்யாததையும் சொன்னேன். அவர் தேசிக்காய்க் கட்டியைப் பேனாவால் உருட்டிப் பார்த்தார். போத்தல் கழுத்தை எடுத்து அதன் உடைந்த விளிம்பைப் பார்த்தார். உள்ளிருந்து நெருக்கி உடைத்ததுபோல அது வெளிப்பக்கம் பிளந்திருந்தது.

"தண்ணீர் இரும்பை உடைக்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நேற்றுவரைக்கும் நானும் நம்பயில்ல, சேர்."

"கப்பல் போயிருக்கும். உன்னை யார் கேட்டிருப்பார்கள்? ஏன் வந்தாய்?"

இந்தக் கேள்விக்கு நான் ஏதோ உயர்ந்த பதில் சொன்னதாக நினைக்காதீர்கள். பயத்தைத்தான் சொன்னேன். "எஞ்சின் வெடிச்சா நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு சொல்லுவாங்கள், சேர். முதலாளியைப் பிடிப்பாங்கள்." இதை எல்லாம் பாதிச் சிங்களத்தில், பாதித் தமிழில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நானே வருகிறேன், நட என்றார்.

நானா வாசலில் காத்திருக்க, படகுக்குள் நான் வேலை செய்ய, அதிகாரி படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டார். சந்தேகம் போகவில்லை, அது அவருடைய வேலை. இது எதற்கு, அது எங்கே போகிறது, இதற்குள் என்ன இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. மணி இரண்டே முக்கால். பச்சைத் தண்ணீரை வடித்து, தாளில் உள்ளபடி பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி முடித்தேன். சாவிகளைப் பொறுக்கும்போது எஞ்சினின் அடிப்பக்கத்தைக் காட்டி, இந்தத் துளை எதற்கு என்றார்.

"கடல் தண்ணி வடியிறது, சேர். நேற்றே வடிச்சாச்சு."

"வடிந்து முடிந்தது என்று எப்படித் தெரியும்?"

"வந்தது, பிறகு நிண்டுட்டுது."

"முடிந்ததாலா நின்றது? வேறு எதனாலாவதா?"

ஒரு கம்பித் துண்டை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்தினேன். துருவும் சேறுமாக ஒரு அடைப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் கடல் தண்ணீர்! கறுப்பாக, பீய்ச்சிக்கொண்டு, என் முகத்திலும் அதிகாரியின் காலில் இருந்த சப்பாத்திலும் அடித்தது. வாளி அரைவாசி நிரம்பியது. பச்சையைச் சரியான அளவில் கலந்திருந்தாலும் அந்த எஞ்சின் வெடித்தே இருக்கும். நான் சிரித்தேன், அழுதேன், எது என்று தெரியவில்லை. அதிகாரி சப்பாத்தை உதறிக்கொண்டு, ஹரி, ஹரி என்று சிங்களத்தில் சரி சொல்லி, மிச்சத்தையும் குத்து என்றார். நாலு மணிக்குப் பாரந்தூக்கி படகைத் தூக்கியபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால் அது அந்தக் கேள்விதான். தொழில் தெரியாத ஒருவருக்கு உங்கள் வேலையை வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். தெரிந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தெரியாதவர்தான் ஏன் நின்றது என்று கேட்பார்.

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம்: படகின் மேல் ஒரு முழத்துக்குப் பனி. எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்ததாம். தாளில் எழுதியபடி அப்படியே செய்ததற்கு நன்றி என்று அந்த மனிதர் எழுதியிருந்தார்! அதை நானாவிடம் மட்டும் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொந்தளிப்போடு எழுதியிருக்கமாட்டேன். அடுத்த ஆண்டு ஒரு நாள், துறைமுக அனுமதி அட்டைகள் எல்லாவற்றையும் மறுபரிசீலனை என்று திருப்பி வாங்கினார்கள். எங்கள் மூன்று பேருடையதும் போயிற்று. ஒரு மாதம் கழித்து ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. என்னுடையது. அதன் பின்புறம் சிங்களத்தில் கையால் ஏதோ எழுதிக் கையெழுத்து இட்டிருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பயந்துபோய் முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"'தன்ர பிழையைத் தானே வந்து சொன்ன ஆள். உள்ள விடலாம்' எண்டு எழுதிக் கிடக்கு," என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தில் தலைநிமிர்ந்த அடுத்த நிமிடமே வெல்டரைப் பார்த்தேன், எல்லாம் போய்விட்டது. என்னைவிடச் சுத்தமான வேலைக்காரன். ஒரு பிழையும் விடாதவன். ஃபிட்டரும் அப்படித்தான். ஒரு பிழையும் விடாததால் அவர்களைப் பற்றி எழுத அங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஃபிட்டர் காத்திருக்கவில்லை, வளைகுடாவுக்குப் போய்விட்டார். வெல்டரை நான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அன்றே வாசலுக்குப் போனேன்.

அதிகாரி என்னைக் கண்டதும் சப்பாத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்றைக்கு என்ன பிழை என்று கேட்டார்.

"என்னில இல்ல, சேர். இவருக்கு அனுமதிக் காட் வரயில்ல."

அவர் வெல்டரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் என்ன பிழை செய்தார்?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு, என்னைவிட நல்ல சிங்களத்தில், மெதுவாகச் சொன்னான்: "இன்னும் ஒன்றும் செய்யவில்லை, சேர்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அனுமதிப் பதிவேட்டை இழுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, வெல்டருக்கு உட்கார ஒரு கதிரையைக் காட்டி, அவனுடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.